முகூர்த்தம் நின்ற பிறகும் வேலை இருக்கிறது: சிறுமியின் கல்யாணத்தைத் தடுக்க முனைவோருக்கு

திருநெல்வேலிச் சீமையின் அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள் நான். ஆண்டில் நான் அதிகம் அஞ்சிய மாதங்கள் சித்திரையும் வைகாசியும்தான். முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வருகைப் பதிவேடு பீரோவுக்குள் இருக்கும். முகூர்த்த நாள்களோ அடுத்தடுத்து வரும். ஜூன் மாதம் பள்ளி திறந்து பெயர் கூப்பிடும்போது பதில் வராத பிள்ளைகளில் ஒருத்தியோ இரண்டு பேரோ, அதற்குள் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறி வேறோர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

அப்படி ஒரு கல்யாணப் பேச்சு காதில் விழுந்ததும் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்க மனமில்லாமல், ஆனால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாமல் தவிக்கிற அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு முகூர்த்தத்தை நிறுத்துவது அரை நாள் வேலை; அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும்வரை அது நின்றபடியே இருக்குமாறு பார்த்துக்கொள்வது ஓராண்டு, ஈராண்டு வேலை. அதிகாரிகளின் வண்டி வந்து போனதோடு காரியம் முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிற இடத்தில்தான் பல பிள்ளைகளை இழக்கிறோம். நானும் ஒருத்தியை அப்படி இழந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வயது

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன்படி, 18 வயது நிறையாத பெண்ணும் 21 வயது நிறையாத ஆணும் குழந்தைகளே. மணமக்களில் ஒருவர் அந்த வயதுக்குக் குறைந்திருந்தாலும் அது குழந்தைத் திருமணம். ‘பதினெட்டு நடக்கிறது’ என்று நம் ஊரில் சொல்வதற்குப் பதினேழு முடிந்திருக்கிறது என்றுதான் பொருள். சட்டத்துக்கு அது போதாது. ‘பெரிய மனுஷியாகி மூன்று வருஷமாச்சு’ என்பதும் வயதுக் கணக்கு ஆகாது.

வயதை ஜாதகத்தை வைத்தோ ஆதார் அட்டையை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும். அவை இல்லாதபோது ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால் மட்டுமே எலும்பு வளர்ச்சியைப் பார்த்துக் கணிக்கும் மருத்துவச் சோதனை. பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாலும் அவளுடைய பிறந்த தேதி அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். இப்போது படிப்பவள் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸிலும் இருக்கும். ஆசிரியர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் உதவி அவரிடமிருந்துதான் வர வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் இந்திய அளவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. எட்டுப் பெண்களில் ஒருத்தி. நாற்பது பெண் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு என்றால் ஐந்து பேர். கடையத்துச் செல்லம்மாள் 1897-இல் பாரதியாருக்கு வாழ்க்கைப்பட்டபோது அவருக்கு வயது ஏழு, மாப்பிள்ளைக்குப் பதினான்கு. அன்றைக்கு அது ஊர் வழக்கம். 1929-இல் வந்த சட்டம் பெண்ணுக்கு 14 என்று வரம்பு வைத்தது; அது 18 ஆனது 1978-இல். வழக்கம் மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எட்டில் ஒருத்திக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

பேச்சு எங்கே தொடங்குகிறது

பெற்றோர் யாரும் பிள்ளையைக் கெடுக்க வேண்டும் என்று கல்யாணம் பேசுவதில்லை. இதை மனத்தில் வைக்காமல் போகிறவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தாயின் வீட்டுத் திண்ணையில் நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மடியில் பீடித் தட்டு. கத்தரிக்கோல் இலையை வெட்டுகிறது, விரல்கள் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டுகின்றன. கண் என்னைப் பார்க்கிறது, கை நிற்கவில்லை. அன்றைய கணக்கை முடித்துக் கடையில் போட்டால்தான் மறுநாள் அரிசி. பக்கத்தில் அவளுடைய மகளும் ஒரு சிறு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கு ஒரு பாடம் போய்விட்டது. நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தாய் சொன்னாள்: “டீச்சர், நீங்க சொல்லுதது எல்லாம் சரிதாம். அவ அப்பா கேரளாவுல கெடக்காரு. நா ஒத்தப் பொம்பள. நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா ஊரு ஒங்களயா பேசும்? எம்மவளத்தான பேசும்.”

அந்த ஒரு பேச்சுக்குள் எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. தகப்பன் வெளியூரில் பிழைக்கிறான். பிள்ளை தனியாக இருக்கிறாள். கையில் கைபேசி இருக்கிறது. வேறு சாதிப் பையனோடு பேசிவிட்டால் என்னாகும் என்ற நடுக்கம் வீட்டை ஆட்டிவைக்கிறது. இதோடு, பிள்ளையை அதிகம் படிக்கவைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை தேட வேண்டும், நகை கூடும் என்ற கணக்கு; கண் மூடுவதற்குள் பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆச்சியின் ஆசை; ‘நம்ம அத்தை மகன்தானே, சொத்து வெளியே போகாது’ என்ற சமாதானம். பூப்புச் சடங்கு வீட்டிலேயே அரைப் பேச்சு முடிந்துவிடுவதும் உண்டு.

ஆகவே அடையாளங்களைக் கவனியுங்கள். தேர்வில் தவறிய பிள்ளை துணைத் தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருப்பது. காரணம் சொல்லாமல் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவது. கோடை விடுமுறையில் திடீரென்று உறவினர் ஊருக்கு அனுப்பப்படுவது. இருந்தாற்போல் பவுன் சேர்ப்பது. கூடப்படிக்கிற பிள்ளையிடம் ‘இனி வர மாட்டேன்’ என்று அவளே சொல்லிவிட்டுப் போவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது. கல்யாணச் செய்தி பெரியவர்கள் காதுக்கு வருமுன் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் ‘யாருக்காவது இப்படி ஏதும் நடந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், சொன்னது யார் என்று வெளியே வராது’ என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்கும் ஆசிரியருக்குச் செய்தி தானாக வந்து சேரும்.

தகவல் சொல்வது

நாள் குறிக்கப்படாத வெறும் பேச்சு என்றால் வீட்டாரிடம் முதலில் பேசலாம். நாள் குறித்தாயிற்று, அதுவும் பத்துப் பதினைந்து நாளுக்குள் என்றால், முதலில் தகவல் சொல்லுங்கள். பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு நேரே வீட்டுக்குப் போய் ‘இது தப்பு’ என்று சொல்லிவிட்டு வந்தால், அன்று இரவே பிள்ளையை வண்டியேற்றி, மண்டபத்தைக் கைவிட்டு, யாரும் அறியாத ஒரு கோயிலில் தாலி கட்டி முடித்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம், உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆபத்து கதவருகில் நிற்கிறதென்றால் 112. இவற்றோடு மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். ஊராட்சி ஒன்றிய அளவில் அவருக்குக் கீழே விரிவாக்க அலுவலரும் ஊர்நல அலுவலரும் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவை பிள்ளையின் பாதுகாப்பைப் பார்ப்பவை; சட்டப்படியான வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடும் அபாயத்தில் இருக்கிற பிள்ளை, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்பது இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், சங்கரன்கோவில் பக்கத்து மக்கள் இன்றும் பேச்சுவழக்கில் ‘திருநெல்வேலி’ என்றே சொல்வார்கள். ஆனால் அந்த ஊர்க் கல்யாணத்துக்கான அலுவலர் தென்காசியில் இருக்கிறார். முக்கூடலும் சேரன்மகாதேவியும் அம்பாசமுத்திரமும் நாங்குநேரியும் திருநெல்வேலி மாவட்டத்தில். இங்கே சொல்லி அங்கே அனுப்பி அரை நாளை வீணாக்க நேரக் கூடாது. பெண் ஓர் மாவட்டம், மாப்பிள்ளை ஓர் மாவட்டம், மண்டபம் மூன்றாவது மாவட்டம் என்றால், மூன்று மாவட்டத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பதற்றம் குறையும். பிள்ளையின் பெயர், படித்த பள்ளி, வகுப்பு, பிறந்த தேதி தெரிந்தால் அது, பெற்றோர் பெயர், தெருவும் அடையாளமும், ‘அம்மன் கோயிலுக்கு மேற்கே இரண்டாவது வீடு’ என்கிற அளவுக்கு, மாப்பிள்ளையின் ஊர், நாள், நேரம், இடம். பத்திரிகை அடித்திருந்தால் அதன் படம் ஒன்று போதும், அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அந்தப் படத்தை அதிகாரிகளுக்கு மட்டும் அனுப்புங்கள். ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டால் மறுநாளே பிள்ளையின் பெயர் சந்தி சிரிக்கும். அத்தகைய குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகையிலோ பிற ஊடகத்திலோ வெளியிடுவது சட்டப்படி குற்றமும்கூட.

எழுதி வாங்கிய காகிதம்

இனி நான் இழந்த பிள்ளையைப் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் செய்தி வந்து, உரிய இடத்தில் சொல்லி, அவர்கள் வந்து, பெற்றோரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், ‘18 வயது முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம்’ என்று எழுதி வாங்கினார்கள். நானும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. சரியாக மூன்றாவது வாரம், தாயின் பிறந்த ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், அங்கேயே தாலியைக் கட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் அவள் பெயரைக் கூப்பிட்டபோது வகுப்பு அமைதியாக இருந்தது. எழுதி வாங்கிய காகிதம் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருந்திருக்கும்.

பெற்றோர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி வேறு, நீதிமன்றத்தின் தடையாணை வேறு. இந்த வேறுபாட்டை அன்று நான் அறிந்திருந்தால் கேட்டிருப்பேன். சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் விண்ணப்பித்தாலோ வேறு எவரிடமிருந்தேனும் தகவல் வந்தாலோ, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அந்தக் கல்யாணத்துக்குத் தடையாணை போடலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்புக் கொடுக்காமலே இடைக்காலத் தடை வழங்கலாம். தடையாணையை மீறி நடக்கும் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மீறியவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறும் உறுதிமொழிக்கு இந்த வலு கிடையாது. எனவே பந்தல் போட்டு, பத்திரிகை கொடுத்து, இரு வீட்டாரும் பிடிவாதமாக இருக்கிற இடங்களில், ‘தடையாணைக்கு விண்ணப்பிக்க முடியுமா’ என்று அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். அவர்களுக்கும் பணிச்சுமை உண்டு. கேட்பவர் இருந்தால் காரியம் நடக்கும்.

வீட்டாரிடம் பேசுவது

அதிகாரிகள் வருவதற்கு முன்னோ பின்னோ, பேச வேண்டிய கட்டம் வந்தே தீரும். தனியாகப் போகாதீர்கள். தாய்மாமன் சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சீர் சுமக்கிறவர் அவர். அவர் மனம் மாறினால் பாதி வேலை முடிந்தது. மாப்பிள்ளையே அவர் மகன் என்றால் மட்டும் வேறு பெரியவரைத் தேடுங்கள். சுய உதவிக் குழுவில் அந்தத் தாயோடு இருக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஊராட்சித் தலைவர் தலைமையிலான கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர் என்று அந்த வீட்டார் மதிக்கிற ஒருவர் கூட இருக்கட்டும்.

‘கல்யாணத்தை நிறுத்துங்கள்’ என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. நின்றுபோன கல்யாணம் என்பது இங்கே பெண்ணின் மேல் விழுகிற கறை; அந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் காதை மூடிக்கொள்வார்கள். ‘தள்ளி வையுங்கள்’ என்றால் காது கொடுப்பார்கள். ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும்: ‘பதினெட்டு முடிந்ததும் இதே மாப்பிள்ளைக்கே கட்டிக்கொடுக்கலாம்’ என்று பேச்சுவாக்கில் நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு அவளுக்கு என்ன விருப்பமோ அது அவளுடையது. உங்கள் வாக்கு அவள் கழுத்துக்கு இன்னொரு கயிறாகிவிடக் கூடாது.

பெண் வீட்டைவிட மாப்பிள்ளை வீட்டில் பேசுவது பல நேரம் எளிது. சட்டத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டிய இடமும் அதுதான். சிறுமியை மணக்கிற, 18 வயதைக் கடந்த ஆணுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணத்தை நடத்திவைப்பவர், துணைபோகிற பெற்றோர், பங்கேற்கிற உறவினர் ஆகியோர்மீதும் குற்றம் வரும். பெண்களுக்கு அபராதம் மட்டுமே, சிறைத் தண்டனை கிடையாது. இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். இதைவிடப் பெரிது ஒன்று உண்டு. 18 வயது நிறையாத மனைவியோடு கொள்ளும் உறவும் பாலியல் வன்கொடுமையே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அதற்குக் குறைந்தது இருபதாண்டுச் சிறை. மாப்பிள்ளைப் பையன்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. தாலி கட்டிவிட்டால் சட்டம் விலகிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டபத்துக்காரர், சமையல்காரர், பத்திரிகை அடிப்பவர், ஐயர் அல்லது பூசாரி ஆகிய நால்வரும் ‘பிறப்புச் சான்று காட்டுங்கள்’ என்று கேட்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், பாதிக் கல்யாணங்கள் முன்பணம் கொடுக்கும் கட்டத்திலேயே நின்றுபோகும் என்பது என் துணிபு.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்த பணம் போய்விடுமே என்பதற்காகவே பிடிவாதம் பிடிக்கிற ஏழைத் தகப்பன்கள் உண்டு. மண்டபத்துக்காரரிடம் நீங்களே போய்ப் பேசி, அதைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள். அந்த ஐயாயிரமோ பத்தாயிரமோ கைக்கு வந்த அன்று, உங்களைப் பகையாளியாக நினைத்த வீடு உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்.

பிள்ளையிடமும் தனியாகப் பேசுங்கள். பெற்றோர் முன்னால் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்பது கேள்வியே அல்ல. சில நேரம் அவளே விரும்பி ஒரு பையனோடு போக நினைத்திருப்பாள், அதைக் கண்டுபிடித்துத்தான் வீட்டார் வேறொருவனுக்கு அவசரமாகக் கட்டிவைக்கப் பார்த்திருப்பார்கள். அங்கே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாமல், அடி உதைக்கு ஆளாக்கிவிடாமல் காப்பது முதல் வேலை. வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை என்று அவள் சொன்னால் குழந்தைகள் நலக் குழு மூலம் இல்லத்தில் தங்க ஏற்பாடு செய்யலாம். அவள் கருவுற்றிருந்தால், வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. பதினாறு பதினேழு வயது உடலுக்குப் பிரசவம் உயிர் ஆபத்து உடையது, நாட்டு மருத்துவத்தில் ஒளித்து வைக்கிற விஷயம் அல்ல.

கல்யாணம் முடிந்துவிட்டிருந்தால்

அவ்வளவுதான் என்று கைவிட வேண்டாம். கடத்தியோ ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ விற்றோ நடத்தப்பட்ட குழந்தைத் திருமணம் சட்டத்தின் முன் செல்லவே செல்லாது. மற்றவை, சிறு வயதில் மணமானவர் விரும்பினால் ரத்து செய்யக்கூடியவை. அதற்கான மனுவை மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்கலாம். அவள் இன்னும் சிறுமி என்றால் காப்பாளரோ அவள் நலம் நாடுகிற ஒருவரோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலருடன் சேர்ந்து கொடுக்கலாம். பெண் 20 வயதை நிறைவு செய்வதற்குள் கொடுத்தாக வேண்டும்; இந்தக் கெடு தெரியாமல் பலர் காலத்தைத் தவறவிடுகிறார்கள். மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சமும் தங்குமிடமும் கேட்கலாம். இரு தரப்பும் கொடுத்து வாங்கிய நகை, பணத்தைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடும். பிறந்த பிள்ளை சட்டப்படியான வாரிசே. வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரும். அதன் உதவி எண் 15100.

பதினெட்டு நிறையும்வரை

கல்யாணம் தள்ளிப்போன மறுநாளிலிருந்து ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைகிற தேதியை எழுதுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை அவளைக் கண்ணால் பாருங்கள்; ‘நல்லாருக்கா’ என்று வீட்டார் சொல்வதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். வைகாசி, ஆவணி, தை ஆகிய முகூர்த்தக் காலங்களிலும், ஊர்க் கொடைகளின்போதும், நீண்ட விடுமுறைகளிலும் அடிக்கடி பாருங்கள். அவளிடம் 1098 மனப்பாடமாக இருக்கட்டும், உங்கள் எண்ணும்.

வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைக்குத்தான் மீண்டும் வரன் வரும். ஆகவே படிப்பு அல்லது தொழிற்பயிற்சி ஏதேனும் ஒன்றில் அவளை உடனே சேர்த்தாக வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவள் என்றால் துணைத் தேர்வு. உடன் உட்கார்ந்து அந்த ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒருவர். பள்ளி தொலைவு, பேருந்து இல்லை என்றால் ஆதிதிராவிடர் நலத்துறை அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மாணவியர் விடுதி. விடுதிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை நீங்களே வாங்கி நிரப்பிக் கொடுங்கள், பீடித் தட்டோடு இருக்கிற தாய்க்கு அலுவலகம் அலைய நேரம் கிடையாது. தகப்பன் இல்லாத, வருமானமில்லாத வீடு என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் மேற்படிப்பில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும். முன்பு சமூகச் சீர்திருத்தவாதி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் கல்யாணத்துக்குப் பணமுமாக இருந்த உதவித் திட்டம்தான் கல்லூரிப் படிப்புக்கான உதவியாக மாற்றப்பட்டது. இது எனக்கு மிகவும் நிறைவு தந்த மாற்றம். ஆயிரம் ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் மகளின் கைபேசிக்குப் பணம் வந்த செய்தியை ஒரு தாய் பார்க்கும்போது, ‘படிக்கவைத்தால் செலவு’ என்ற கணக்கில் முதன்முறையாக ஒரு வரவு ஏறுகிறது.

முக்கூடல் பக்கத்துத் திண்ணையில் தாயோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கும் மாப்பிள்ளை பேசித்தான் வைத்திருந்தார்கள். இம்முறை நான் காகிதத்தை நம்பவில்லை. துணைத் தேர்வுக்கான கட்டணத்தைக் கட்டி, கணக்குப் பாடத்துக்கு மாலையில் ஒரு மணி நேரம் வரச்சொன்னேன். கை விரல்களில் புகையிலை நெடியோடு வந்து உட்கார்ந்து போடுவாள். தாய்மாமனை மூன்று முறை போய்ப் பார்த்தேன்; மூன்றாவது முறைதான் உட்காரச் சொன்னார். அவள் தேறினாள், பதினொன்றில் சேர்ந்தாள், இரண்டு வைகாசிகளும் கடந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அவளுடைய மாமாவும் கூட வந்திருந்தார். சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வழக்கப்படி அவரிடம் நீட்டினேன். அவள் குறுக்கே கை நீட்டி, “டீச்சர், அத நானே வச்சிக்கிடுதேன்” என்றாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைப் போடப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.